மாமா நலம்

பிரிக்பீல்ட்ஸ்
6 மார்ச் 2022

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமா? நான் நலம். பினாங்கில் படித்த காலத்துக்குப் பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஈமெயில்தான், இருந்தாலும் கடிதம் கடிதம்தானே. போனில் பேசினால் நீ "சாப்பிட்டியா"வைத் தாண்ட மாட்டாய். அதனால்தான் எழுத்தில் வருகிறேன்.

பேங்க் வேலையை விட்டுவிட்டேன். கத்தாதே, முழுதும் படி. அன்சாரை உனக்குத் தெரியும், துணிக்கடை நஜ்முதீன் பாயின் மகன், கம்ப்யூட்டர் படித்தவன். நாங்கள் இரண்டு பேரும் ஒரு கம்பெனி தொடங்கியிருக்கிறோம். பெயர் 'மெயின்லா'. மலாயில் "விளையாடு லா" என்று வைத்தது. போனில் விளையாட ஆயிரக்கணக்கில் கேம் இருந்தும் கண்ணில் படுவது பெரிய கம்பெனிக்காரர்கள் செய்த நாலைந்துதான். செமினியில் ஒருவர் வீட்டு அறையில் தனியாக உட்கார்ந்து செய்த நல்ல கேம் யாருக்கும் தெரியாமல் அடியில் கிடக்கிறது. அப்படிப்பட்டதைத் தேடி எடுத்து ஜனங்களிடம் சொல்வது எங்கள் வேலை. எங்கள் வழியாக யாராவது அதைப் போனில் இறக்கினால், செய்தவர் எங்களுக்கு ஒரு பங்கு கொடுப்பார்.

சொல்லத்தான் ஆள் இல்லை. அன்சார் எழுதினால் மருந்து டப்பா மேல் இருப்பது போல இருக்கிறது. நான் எழுதினால் பேங்க் நோட்டீஸ். மாமாவுக்கு ஸ்ட்ரோக் வந்து படுத்ததிலிருந்து அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நீ விளையாடாத கேம் இல்லை. வாரம் ஒரு கேமைப் பற்றி எழுது. பினாங்குக்கு எனக்கு எழுதுவாயே, அதே மாதிரி நலம் விசாரித்து, வீட்டுச் சங்கதி சொல்லி, நடுவில் கேமைச் சொல். 'அக்கா கடிதம்' என்று வெள்ளிக்கிழமை காலையில் எல்லார் போனுக்கும் அனுப்புவோம்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
செல்வம்

*

கிள்ளான்
20 மார்ச் 2022

அன்புத் தம்பி செல்வத்துக்கு அக்கா எழுதுவது. இங்கு நானும் மாமாவும் நலம். நீ நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். வேலையை விட்ட செய்திக்குப் பிறகு கொஞ்சம் கூடுதலாகவே வேண்டுகிறேன்.

மாமாவிடம் சொன்னேன். "அவன் கெட்டிக்காரன்டி, விடு" என்றார். உன்னைப் பினாங்கில் கொண்டுபோய் விடும்போது மெத்தை, பக்கெட், உன்னை எல்லாம் லோரியில் ஏற்றிக்கொண்டு போனவர் ஆயிற்றே, உன் பக்கம்தான் பேசுவார்.

நீ அனுப்பிய செமினிக்காரர் கேமை விளையாடினேன். செம்பனைக் குலை ஏற்றிய லோரியைத் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஓட்ட வேண்டும். மாமா பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்த்தார். நான் பள்ளத்தில் இறக்கினேனோ இல்லையோ, ஆரம்பித்துவிட்டார். "ரிவர்ஸ் இப்படியா எடுப்பே? கண்ணாடியப் பாரு லா!" மற்ற வார்த்தையெல்லாம் குழறுகிறது, திட்டு மட்டும் தெளிவாக வருகிறது. போர்ட் கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் முப்பது வருஷம் லோரி ஓட்டிய மனுஷன், நான் ஓட்டுவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அதையே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். "மாமா நலம். போன வாரத்துக்கு இப்போது தேவலை" என்று தொடங்கியிருக்கிறேன். கடிதம் என்றால் அப்படித்தானே தொடங்க வேண்டும். சரியில்லை என்றால் சொல்லு, மாற்றுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா,
சந்திரகலா

*

பிரிக்பீல்ட்ஸ்
9 செப்டம்பர் 2022

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமறிய எழுதுகிறேன். பூக்கடைக்கு மேலே ஒரு முழு மாடியை ஆபீஸுக்கு வாடகைக்கு எடுத்துவிட்டோம். காலையில் படியேறினால் மல்லிகை வாசம், உள்ளே போனால் பத்துப் பேர் தலைநிமிராமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் நான் பாஸ். எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

எல்லாம் உன் கடிதத்தால்தான். ஃபஹீமா என்று ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், ஜனங்கள் எழுதும் பதிலையெல்லாம் படிப்பது அவள் வேலை. கேமைப் பற்றி எழுதுபவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் எல்லாம் மாமாவை விசாரிக்கிறார்கள். தைப்பிங்கிலிருந்து ஓர் அம்மா, "அண்ணனுக்கு நொச்சி எண்ணெய் தேய்த்துப் பாருங்கள்" என்று எழுதியிருக்கிறார். பெயர்கூடத் தெரியாது, எல்லாருக்கும் அவர் மாமாதான்.

ஒரு விஷயம் உன்னிடம் கேட்க வேண்டும். சின்னக் கேம்காரர்கள் கொடுக்கும் பங்கு இத்தனை பேர் சம்பளத்துக்குப் போதவில்லை. பெரிய கம்பெனி ஒன்று விளம்பரம் கொடுக்க வந்திருக்கிறது. ராஜ்ஜியம் கட்டுகிற கேம். விளம்பரம் என்று தனியாகப் போட்டால் யாரும் திறப்பதில்லை, உன் கடிதத்துக்குள்தான் வர வேண்டும் என்கிறார்கள். நல்லதாக நாலு வரி எழுது. உனக்குப் பிடிக்காவிட்டால் மாமாவுக்குப் பிடித்தது என்று போடு. இந்த ஒரு தடவைதான்.

செல்வம்

*

கிள்ளான்
2 அக்டோபர் 2022

அன்புத் தம்பிக்கு,

இங்கு நலம். நீ நலமா? போனில் உன் குரல் கட்டிப்போய்க் கேட்டதே, சுக்குக் காப்பி போட்டுக் குடி.

அந்த ராஜ்ஜியக் கேமைப் பற்றி எழுதி அனுப்பினேன், பார்த்திருப்பாய். எனக்கு அது பிடிக்கவில்லை. கோட்டை கட்டுவதற்குள் இதை வாங்கு, அதை வாங்கு என்று பிச்சைக்காரன் மாதிரி கையைப் பிடிக்கிறது. நீ சொன்னபடி மாமாவுக்குப் பிடித்தது என்று எழுதினேன். மாமா அதைப் பார்க்கவே இல்லை. தூங்கிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் பகலில் நிறையத் தூங்குகிறார். சோறு வேண்டாம் என்கிறார், கஞ்சி என்றால் இறங்குகிறது. டாக்டர் மருந்தை மாற்றியிருக்கிறார். மற்றபடி நலம்.

ஒரு தடவை என்றாய், அடுத்த மூன்று வாரத்துக்கும் நீயே கேமை அனுப்பியிருக்கிறாய். உனக்கு அங்கே என்ன நெருக்கடியோ தெரியாது, எழுதித் தருகிறேன். ஆனால் நல்ல கேம் ஏதாவது கிடைத்தால் நடுவில் ஒன்று அனுப்பு. லோரிக்காரர் புதிதாக எதுவும் செய்யவில்லையா?

தீபாவளிக்கு வா. பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் நடுவில் கடலா இருக்கிறது? காலையில் ரயில் ஏறினால் முறுக்கு சூடாக இருக்கும்போதே வந்துவிடலாம். மாமா உன்னைக் கேட்டார்.

அக்கா

*

பிரிக்பீல்ட்ஸ்
12 பிப்ரவரி 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? தீபாவளிக்கு வர முடியவில்லை, பொங்கலுக்கும் முடியவில்லை. தைப்பூசத்துக்காவது வந்துவிட வேண்டும் என்று இருந்தேன், அன்றைக்குப் பார்த்து ஜாகர்த்தாவிலிருந்து விளம்பரக்காரர்கள் வந்துவிட்டார்கள். மாமா நலம் என்று நீ எழுதுவதைப் படிக்கும்போது மனசு கொஞ்சம் ஆறுகிறது. மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிடுகிறது.

உனக்கு இனி வேலை குறைவு. விளம்பரக்காரர்கள் கேமைக் கொடுத்த அன்றே கடிதம் வேண்டும் என்கிறார்கள். உன்னால் முடியாது, தெரியும். அன்சார் ஒரு வழி செய்திருக்கிறான். நீ இதுவரை எழுதிய கடிதங்களை எல்லாம் கம்ப்யூட்டருக்குப் படிக்கக் கொடுத்துவிட்டான். இப்போது அதுவே உன்னைப் போல எழுதுகிறது. காட்டினான், படித்தேன். "மாமா நலம். போன வாரத்துக்கு இப்போது தேவலை" என்று ஆரம்பித்தது. நீதான் எழுதினாய் என்றே நினைத்தேன். "அக்கா கைய வீசிட்டு உக்காரலாம் பாஸ்" என்கிறான் அன்சார்.

நீ ரெஸ்ட் எடு. எப்போதாவது எழுதத் தோன்றினால் அனுப்பு, போடுகிறோம். நானும் களைத்துப் போயிருக்கிறேன் அக்கா. கடைசியாக நான் ஒரு கேமை ஆசைக்கு விளையாடியது எப்போது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

செல்வம்

*

கிள்ளான்
16 ஜூலை 2023

அன்புத் தம்பிக்கு,

பிப்ரவரியில் வந்த உன் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. கோபமில்லை. கை ஓயவில்லை, பிறகு எழுத எதுவும் இல்லை.

சென்ற மாதம் மாமா போனபோது நீ வந்தாய். மின்சுடலை வரைக்கும் வந்து நின்றாய். போன் வந்தது, வெளியே போய்ப் பேசினாய், பிறகு அப்படியே போய்விட்டாய். கருமக்கிரியைக்கு உனக்காகப் பந்தியில் ஓர் இலையைக் காலியாக வைத்திருந்தேன். புனிதா சித்தி அதை எடுக்கச் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. அதைச் சொல்லிக்காட்ட இதை எழுதவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

இது வேறு விஷயம். மாமாவை எரித்துவிட்டு வந்த அந்த வாரம் வெள்ளிக்கிழமை என் போனுக்கும் 'அக்கா கடிதம்' வந்தது. "மாமா நலம். போன வாரத்துக்கு இப்போது தேவலை." அதற்குக் கீழே ஏதோ மீன் பிடிக்கிற கேம். அடுத்த வாரமும் வந்தது. இப்போதும் வந்துகொண்டே இருக்கிறது.

எனக்கு ஒன்றே ஒன்று செய். மாமா இறந்துவிட்டார் என்று அதில் ஒரு வரி போடு. இத்தனை பேர் அவரை விசாரித்திருக்கிறார்கள், எண்ணெய் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? பிறகு நீ என்ன விற்றாலும் நான் கேட்க மாட்டேன்.

நான் நலம்.

அக்கா

*

பிரிக்பீல்ட்ஸ்
30 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இந்தக் கடிதத்தை எழுதி எழுதி அழித்துவிட்டேன். கடைசியில் மனசில் இருப்பதையே எழுதிவிடுகிறேன்.

நீதானே நலம் என்று எழுதினாய்? ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினாய். எனக்கு எழுதியதிலும் அதுதான், ஊருக்கு எழுதியதிலும் அதுதான். கஞ்சி குடிக்கிறார் என்றாய், மருந்தை மாற்றினார்கள் என்றாய், உடனே "மற்றபடி நலம்" என்று முடித்துவிட்டாய். நான் நம்பிவிட்டேன். மாமா போன அன்று உன் போன் வந்தபோது சிங்கப்பூர்க்காரர்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். போனைக் கவிழ்த்து வைத்தேன். சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன் அக்கா.

அந்தச் சிங்கப்பூர்க்காரர்கள் கம்பெனியை வாங்கப் பார்க்கிறார்கள். வாங்கவில்லை என்றால் நாங்கள் தாங்க மாட்டோம். யார் எந்தக் கேமை எங்கள் வழியாக இறக்கினார்கள் என்று இப்போது எங்களால் பார்க்க முடிவதில்லை, போன் செய்யும் கம்பெனிக்காரர்கள் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். பார்க்க முடியவில்லை என்றால் விளம்பரக்காரர்கள் நகர்ந்துவிடுகிறார்கள். எங்களிடம் மிச்சம் இருப்பது உன் கடிதத்தைத் திறந்து படிக்கிற ஜனங்கள்தான். இந்த நேரத்தில் அந்த வரியைப் போட முடியாது. "சாவு செய்தி போட்டுட்டு கீழ கேம் விக்க முடியுமா பாஸ்?" என்று கேட்கிறான் அன்சார். அவனும் நல்லவன்தான், அவனுக்கும் குழந்தை குட்டி இருக்கிறது.

வருஷக் கடைசி வரை பொறு. கம்பெனி கைமாறியதும் முதல் வேலையாக அந்த வரியைப் போடுகிறேன்.

செல்வம்

*

கிள்ளான்
22 அக்டோபர் 2023

அன்புத் தம்பிக்கு,

நலம். நீ நலமாக இருக்க வேண்டுகிறேன். பொறுக்கச் சொன்னாய், பொறுத்திருக்கிறேன். சண்டை போட எனக்கும் தெம்பில்லை.

நேற்று பாசாரில் கீரை விற்கும் புஷ்பவல்லி கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அண்ணன் பார்க் வரைக்கும் நடந்து போனாராமே! படிச்சேன் லா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க?" அவள் என்னைப் பாசாரில் பார்ப்பதோடு சரி, வீட்டு விஷயம் தெரியாது. அக்கா கடிதத்தில் வருகிற அக்கா நான்தான் என்று மட்டும் தெரியும். ஊரில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். என்ன சொல்வேன்? "ஆமாம்" என்றேன். சந்தோஷத்தில் ஒரு கட்டு முருங்கைக்கீரையைப் பையில் திணித்தாள்.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். மாமா கம்பு ஊன்றாமல் பார்க் வரை நடந்து போய், சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பையனுக்குப் பட்டம் விடச் சொல்லிக் கொடுத்தாராம். இதை நான் எழுதவில்லை. அன்சாரும் எழுதியிருக்க மாட்டான். கொஞ்ச நேரம் யோசித்தபோது புரிந்துவிட்டது. வாரா வாரம் "போன வாரத்துக்குத் தேவலை, போன வாரத்துக்குத் தேவலை" என்று எழுதியது நான்தானே. அத்தனை வாரம் தேவலையான மனுஷன் ஒரு நாள் எழுந்து நடக்கத்தானே வேண்டும். கம்ப்யூட்டர் கணக்கு சரி. நீ கேட்டதும் சரிதான். கடிதத்தில் நலமில்லை என்று எழுதி எனக்குப் பழக்கமில்லை. நம் வீட்டில் யாரும் அப்படி எழுதியதில்லை.

அதை இரண்டு தரம் படித்தேன். பிறகு முருங்கைக்கீரையை ஆய்ந்து சமைத்தேன். அவருக்குப் பிடிக்கும்.

அக்கா

*

பிரிக்பீல்ட்ஸ்
28 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மெயின்லா முடிந்தது. சிங்கப்பூர்க்காரர்கள் முழுதாக வாங்கவில்லை. அன்சார் செய்த புரோகிராமும் அன்சாரும் போதும் என்றார்கள். அவன் போகிறான். போகும்போது அழுதான். ஃபஹீமாவுக்கு தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பேக்டரி ஆபீஸில் வேலை கிடைத்திருக்கிறது. மேஜைகளைக் கூடப் பூக்கடைக்காரரே எடுத்துக்கொண்டார்.

அக்கா கடிதத்தை உனக்காக நிறுத்தினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி இல்லை. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. தமிழில் எழுதுவது அவர்களுக்குக் கட்டுப்படியாகாதாம், அவ்வளவுதான். நான் எதற்காக உன்னைப் பொறுக்கச் சொன்னேனோ, அது யாருக்கும் வேண்டாததாகப் போய்விட்டது.

கடைசி வெள்ளிக்கிழமைக் கடிதம் மிச்சம் இருந்தது. அதற்கு ஒரு விளம்பரமும் வந்திருந்தது. கம்ப்யூட்டர் எழுதி வைத்ததை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை, எடுத்துவிட்டேன். என் கையால் எழுதி அனுப்பினேன். நீ பார்த்திருப்பாய். "நான் அக்காவின் தம்பி. மாமா சென்ற ஜூன் மாதம் காலமாகிவிட்டார். அவர் பெயர் தம்புசாமி. முப்பது வருஷம் லோரி ஓட்டினார். பிறகு இங்கே வந்த கடிதங்கள் அக்கா எழுதியவை அல்ல. இது முன்பே சொல்லியிருக்க வேண்டியது." கீழே செமினிக்காரரின் லோரிக் கேமைப் போட்டேன், விளம்பரம் எதுவும் இல்லாமல்.

பதில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஃபஹீமா இல்லை, நானே உட்கார்ந்து படிக்கிறேன். தைப்பிங் அம்மா என்னைத் திட்டியிருக்கிறார், நன்றாகவே திட்டியிருக்கிறார்.

இப்போது நான் சும்மாதான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

செல்வம்

*

கிள்ளான்
4 பிப்ரவரி 2024

செல்வம்,

உன் கடிதத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வந்ததையும் பார்த்தேன்.

நீ திறக்காமல் எடுத்துவிட்டதாகச் சொன்னாயே, அதற்கு முந்தின வாரம் என்ன வந்தது என்று நீ படித்தாயா? படித்திருக்க மாட்டாய். மாமா லோரி சாவியைத் தேடி எடுத்தாராம். டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டாராம். வருகிற வாரம் பந்திங் வரைக்கும் ஓட்டிப் பார்க்கப் போகிறாராம், பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்து போகிறேனாம். அப்படித்தான் போட்டிருந்தது.

பொய் என்று எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆனாலும் அந்தப் பார்க் நடைக்குப் பிறகு நான் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. யாரிடம் சொல்ல? போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி காலையில் எழுந்து குளித்து, நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனைத் திறந்தேன். பந்திங் போகிற நாள் அல்லவா. உன் எழுத்து இருந்தது. காலமாகிவிட்டார் என்று இருந்தது.

உன்மேல் தப்பில்லை. நான் கேட்டதைத்தான் நீ போட்டாய். அவர் பெயரைப் போட்டாயே, அது நல்லது. முழுதும் படித்தேன். பிறகு சேலையை மாற்றாமல் அப்படியே கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைக்கக்கூட எழுந்திருக்கவில்லை. ஜூன் மாதத்தில் இப்படி அழவில்லை. அப்போது ஆட்கள் இருந்தார்கள், காப்பி கலக்க வேண்டியிருந்தது.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். நான் வழக்கமாக என்ன எழுதுவேன் என்று உனக்குத் தெரியும். அதைத்தான் முதலில் எழுதினேன், பிறகு அழித்துவிட்டேன்.

நான் நலமாக இல்லை, தம்பி. வா.

அக்கா